எடைமேடை அருகே ஒரு நாற்காலி

கரும்பு வெட்டிய நேரத்திலிருந்து எடை இழக்கத் தொடங்கிவிடும். தண்ணீர் வற்றும், சுக்ரோஸ் உடைந்து, ஆலைக்கு உதவாத வேறு சர்க்கரைகளாக மாறும். வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அரைத்துவிட வேண்டும் என்று வேளாண் துறையினர் வற்புறுத்துவது இதனால்தான். வெட்டு உத்தரவு என்றைக்குக் கிடைக்கிறது, ஆட்களோடு மேஸ்திரி என்றைக்கு வருகிறார், டிராக்டர் எப்போது அமைகிறது, ஆலை வாசலில் எத்தனை வண்டி காத்து நிற்கிறது, இந்த நான்கும் ஒத்துப்போனால்தான் விவசாயிக்கு எடை நிற்கும். கடலூர் மாவட்டத்துப் பெண்ணாடம் வட்டாரத்தில் கரும்பு போட்ட எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சர்க்கரை ஆலைக்கு மென்பொருள் எழுதும் பொறியாளருக்கு யார் சொல்லித்தருவார்கள்?

வாடிக்கையாளரின் இடத்துக்கே போய் உட்கார்ந்து வேலை செய்யும் கணினி ஆலோசகரால் என்ன நன்மை என்பதைத் தமிழ்நாட்டில் நாம் பெரும்பாலும் டாலர் கணக்கில்தான் பேசியிருக்கிறோம். ஆன்சைட் போனால் எவ்வளவு மிச்சம், விசா எத்தனை ஆண்டு, கல்யாணச் சந்தையில் அதற்கு என்ன மதிப்பு என்று பேச்சு போய்விடும். அவர் அங்கே இருப்பதால் வேலையில் என்ன மாறுகிறது, எந்தக் கட்டத்தில் மாறுகிறது, எப்போது அவர் இருப்பு வெறும் செலவு என்பதை ஆராய்ந்தவர்கள் உலகில் பலர் உண்டு. அந்த ஆய்வுகளைப் பெண்ணாடம், விருத்தாசலம், நெல்லிக்குப்பம் போன்ற ஊர்களின் தொழில்களோடு வைத்துப் படித்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. நேரில் இருப்பதன் பயன் வேலையின் தொடக்கத்திலும் கடைசியிலும்தான் குவிந்து கிடக்கிறது. அதுவும் மேலாளரின் அறையை விட்டு வேலை நடக்கும் இடத்துக்கு ஆலோசகர் வந்தால் மட்டுமே கிடைக்கிறது. அதன் தேவை மிக அதிகமாக உள்ள சிற்றூர்த் தொழில்களுக்கோ அது கிட்டத்தட்டக் கிடைப்பதே இல்லை.

முதலில் கரும்பையே எடுத்துக்கொள்வோம். பெண்ணாடத்தை ஒட்டிய இறையூரில் சர்க்கரை ஆலை உண்டு. வெள்ளாற்றுப் பக்கத்து ஊர்கள் கரும்பை நன்றாக அறிந்தவை. நிலுவைத் தொகைக்காக விவசாயிகள் வீதிக்கு வந்ததையும் அறிந்தவை. ஒரு சர்க்கரை ஆலையின் கரும்புப் பிரிவுக்கு மென்பொருள் வேண்டுமென்றால், அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதும் தேவைப் பட்டியல் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: விவசாயி பெயர், பதிவு எண், பரப்பு, ரகம், நட்ட தேதி, வெட்டிய தேதி, எடை, கழிவு, தர வேண்டிய தொகை. இதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் வயலில் நடப்பது இந்தக் கட்டங்களுக்குள் அடங்காது. பட்டா இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும். பயிர் செய்பவர்கள் மூன்று பேரன்கள். பதிவு மூத்தவர் பெயரில் ஒன்றே ஒன்று. பணமோ மூன்று வீட்டுக்குப் பிரிய வேண்டும். இதைக் கரும்பு உதவியாளர் மனத்தில் வைத்திருப்பார். அவர் மாறுதலாகிப் போனால் அந்த விவரமும் அவரோடு போய்விடும். நடவுக் கரும்பும் கட்டைக் கரும்பும் ஒரே பதிவேட்டில் நின்றாலும் முற்றும் காலம் வேறு. வங்கிக் கடன் பிடித்தம் போக மீதிதான் கைக்கு வரும் என்பதால், மொத்தத் தொகையை மட்டும் காட்டும் ரசீது விவசாயிக்கு ஒன்றையும் சொல்லாது.

சட்டம் தொடும் இடம் இன்னும் நுட்பமானது. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பை ஒப்படைத்த 14 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி சேரும். வண்டி இரவு பதினொரு மணிக்கு வாசலுக்கு வந்து, மறுநாள் பிற்பகல் எடைமேடை ஏறினால் ஒப்படைத்த நாள் எது? மென்பொருளில் இது ஒரு தேதிக் கட்டம். எந்தத் தேதியை அதில் நிரப்புவது என்று நிரல் எழுதுபவர் தம் போக்கில் முடிவெடுத்துவிட்டால், அந்த முடிவு ஒரு பருவம் முழுக்க ஆயிரக்கணக்கான வண்டிகளுக்குப் பொருந்தும். விலையும் அப்படித்தான். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த நியாய ஆதாய விலை, 10.25 விழுக்காடு பிழிதிறனுக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய், பிழிதிறன் 9.5 விழுக்காட்டுக்கும் கீழே உள்ள ஆலைகளுக்கு 329 ரூபாய் 5 காசு. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள ஏணிப்படிகளை நிரலில் எழுதுவது கடினமல்ல. தன் கணக்கில் எந்தப் படி பிடிக்கப்பட்டது என்று விவசாயி கேட்பார். அதை எந்தச் சொல்லில் கேட்பார், ரசீதில் எந்த இடத்தில் தேடுவார் என்பதை அறிய எடைமேடை அருகே ஓர் இரவு உட்கார வேண்டியிருக்கும்.

சொல்லத் தெரிந்ததைவிட அதிகமாக நமக்குத் தெரியும் என்று மைக்கேல் போலான்யி 1966இல் விளக்கினார். ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த இந்த வேதியியலாளர் பிற்காலத்தில் மெய்யியலுக்குத் திரும்பியவர். கைத்தொழிலாளிக்கும் மருத்துவருக்கும் அறிவியலாளருக்கும் பொதுவான இந்த உள்ளறிவு, கேள்வித்தாள் நீட்டினால் வெளியே வராது. சொல்லக் கூடாது என்று அவர்கள் மறைப்பதில்லை. அது சொல்ல வேண்டிய ஒன்று என்றே அவர்களுக்குத் தோன்றாது. 1994இல் ஆய்வாளர் எரிக் வான் ஹிப்பல் இதைப் பொருளியல் மொழியில் வைத்தார். சில தகவல்கள் பிறந்த இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பெயர்த்து வேறிடம் கொண்டுபோகும் செலவு அதிகம். செலவு அதிகமானால், தகவல் இருக்கும் இடத்துக்குச் சிக்கலைத் தீர்ப்பவர் போவதே மலிவு. ஆன்சைட் வேலைக்கு இதைவிடத் துல்லியமான நியாயம் எழுதப்பட்டதாக நான் கருதவில்லை. போக்குவரத்துச் செலவை மட்டும் பார்த்துத் தொலைவிலிருந்தே வேலையை முடிக்கச் சொல்லும் நிதி அலுவலர், மறுபக்கச் செலவைக் கணக்கில் எடுப்பதில்லை.

இதைக் கண்ணால் பார்த்து எழுதியவர்களில் இருவர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள். தேர்ந்த கணினி அறிஞர்கள் இருவர் ஒரு நகலெடுக்கும் எந்திரத்தின் முன் நின்று, இருபக்க நகல் எடுக்க முடியாமல் தடுமாறுவதை லூசி சச்மன் படமெடுத்தார். எந்திரத்தோடு வந்த வழிகாட்டி, பயன்படுத்துபவர் ஒழுங்கான ஒரு திட்டப்படி நடப்பார் என்று எண்ணி எழுதப்பட்டிருந்தது. மனிதர்களோ சூழலைப் பார்த்து நொடிக்கு நொடி அடுத்த அடியைத் தீர்மானித்தார்கள். 1987இல் வந்த அவருடைய நூல் மென்பொருள் வடிவமைப்பாளர்களை அலுவலகத்தை விட்டு வெளியே அனுப்பியது என்றே சொல்லலாம். ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர், வாடிக்கையாளர் அலுவலகங்களுக்குப் போய் நகல் எந்திரங்களைப் பழுது பார்க்கும் தொழில்நுட்பர்களோடு சுற்றி 1996இல் எழுதிய நூல் எனக்கு இன்னும் நெருக்கமானது. பழுது என்பது எந்திரத்தில் மட்டும் இருப்பதில்லை என்று அவர் கண்டார். எந்திரம், அதைப் பயன்படுத்துபவர், பழுது பார்ப்பவர் என்ற மூவருக்கும் இடையிலான உறவில் அது இருக்கிறது. கையேட்டில் இல்லாத கோளாறுகளை அந்தத் தொழில்நுட்பர்கள் மதிய உணவு நேரத்தில் ஒருவருக்கொருவர் சொன்ன கதைகளால் தீர்த்தார்கள். நிறுவனம் பிற்பாடு அந்தக் குறிப்புகளைத் திரட்டி யுரேகா என்ற தகவல் தளமாக்கியது. வாடிக்கையாளர் இடத்தில் கற்றது எல்லோருக்கும் பொதுவாவதற்கு இப்படியும் வழி உண்டு.

கடலூர் மாவட்டத்துக்கு இந்த அனுபவம் மென்பொருளுக்கு முன்பே வாய்த்தது. விருத்தாசலத்திலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் நெய்வேலியில் 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது. அதன் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்து, 1962இல் முதல் அலகு மின்சாரம் தந்தது. சோவியத் பொறியாளர்கள் வரைபடங்களை அனுப்பிவிட்டு மாஸ்கோவில் இருந்துவிடவில்லை. நெய்வேலிக்கே வந்து, எந்திரம் ஓடி நிலைபெறும் வரை நம் பொறியாளர்களோடு வேலை செய்தார்கள். சுரங்கத்திலோ நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் தோண்டவே முடியும். எத்தனை கிணறு, எங்கெங்கே, எவ்வளவு நீர் என்பதை மண்ணில் சோதித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பெண்ணாடத்துக்குத் தெற்கே அரியலூர் வரை நீளும் சிமெண்ட் ஆலைகளிலும் இன்றுவரை வழக்கம் இதுதான். சூளையை நிறுவிய நிறுவனத்தின் ஆட்கள், ஒப்பந்தத்தில் சொன்ன அளவு உற்பத்தி வந்து காட்டும் வரை ஆலையை விட்டுப் போக மாட்டார்கள். எந்திரத் தொழிலில் பேச்சுக்கே இடமில்லாத இந்த ஒழுங்கு, மென்பொருளில் மட்டும் ஏன் கூடுதல் செலவாகப் பார்க்கப்படுகிறது என்பது எனக்கு நீண்டநாள் வருத்தம்.

மென்பொருள் தொழிலின் சொந்த வரலாறு அந்த வருத்தத்துக்குப் பாதி விடை தருகிறது. 1968இல் தொடங்கிய டாடா கன்சல்டன்சி, 1970களில் பரோஸ் கணினி நிறுவனத்தோடு சேர்ந்து வெளிநாட்டு வேலைகளைப் பிடித்தபோதும், 1980களில் பிற நிறுவனங்கள் பின்தொடர்ந்தபோதும், ஏற்றுமதி என்பது பெரும்பாலும் ஆளை விமானத்தில் ஏற்றி அனுப்புவதாகவே இருந்தது. வாடிக்கையாளருக்கு இந்தியப் பொறியாளரின் மதிப்பீடு தேவைப்படவில்லை; மலிவான கை தேவைப்பட்டது. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் கிளை திறந்து செயற்கைக்கோள் வழியே வேலையை அனுப்பத் தொடங்கியதும், தொலைவிலிருந்தே செய்ய முடியும் என்று தெரிந்தது. பிறகு பத்துப் பேர் குழுவில் இரண்டு மூன்று பேர் அங்கே, மற்றவர்கள் இங்கே என்ற விகிதம் தொழிலின் வாய்பாடாயிற்று. அந்த இரண்டு மூன்று பேரின் வேலை என்னவென்று நிறுவனங்கள் ஆழமாக யோசித்ததாகத் தெரியவில்லை. அஞ்சல்காரர்களைப் போலக் கேள்வியை இங்கும் பதிலை அங்கும் கடத்துவதாகவே அது பல இடங்களில் சுருங்கியது.

விதிவிலக்குக்குச் சென்னையிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. 1994இல் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்டின் உள்பிரிவாகச் சென்னையில் தொடங்கி, பிறகு காக்னிசன்ட் என்று பெயர் பெற்ற நிறுவனம், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இரண்டு பேரைப் பொறுப்பாக்கியது: ஒருவர் வாடிக்கையாளரின் ஊரில், மற்றவர் இந்தியாவில். இருவருக்கும் பொறுப்பு ஒன்றுதான். வெற்றியும் தோல்வியும் இருவர் கணக்கிலும் ஏறும். அங்கே இருப்பவர் விற்பனைக்கு மட்டும் என்றும் இங்கே இருப்பவர் வேலைக்கு மட்டும் என்றும் பிரிந்தால் பழி மாறி மாறிப் போகும். அதை இந்த ஏற்பாடு தடுத்தது. போட்டி நிறுவனங்கள் இதைவிட அதிக லாப விகிதத்தைக் காட்டிய காலத்தில், காக்னிசன்ட் அதை 19, 20 விழுக்காட்டு அளவில் நிறுத்திக்கொண்டு, மிஞ்சியதை வாடிக்கையாளர் அருகே நிற்கும் ஆட்களைப் பெருக்கச் செலவிட்டது. அதன் வேகமான வளர்ச்சிக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நேரில் இருப்பதைச் செலவாகப் பார்க்காமல் முதலீடாகப் பார்த்ததற்கு இந்தியத் தொழிலில் இவ்வளவு வெளிப்படையான எடுத்துக்காட்டு அரிது.

தொலைவுக்கு விலை உண்டா என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970களில் ஆய்வுக்கூடப் பொறியாளர்களின் பேச்சைக் கணக்கெடுத்து, இருக்கைகளுக்கு இடையே தூரம் கூடக் கூட அவர்கள் பேசிக்கொள்வது சரிந்துபோவதைக் காட்டினார். முப்பது மீட்டரைத் தாண்டுவதற்குள்ளேயே பெரும் சரிவு நிகழ்ந்துவிடுகிறது. ஜேம்ஸ் ஹெர்ப்ஸ்லெப், ஆட்ரிஸ் மாக்கஸ் ஆகிய இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பல ஊர்களில் பரவிக் கிடந்த மென்பொருள் பணிகள், ஒரே இடத்தில் செய்யப்பட்ட அதே மாதிரிப் பணிகளைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு காலம் எடுத்தன. காரணம் திறமைக் குறைவு அல்ல. ஒரு வேலைக்குள் அதிகம் பேரை இழுக்க வேண்டியிருந்தது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. நடைபாதையில் அரை நிமிடத்தில் தீரும் கேள்வி மறுநாள் பதிலுக்குக் காத்திருந்தது.

பெருந்தொற்று இந்த வாதத்தையெல்லாம் பொய்யாக்கிவிட்டதே என்று கேட்கலாம். 2020 மார்ச்சில் சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கான பொறியாளர்கள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். உலகின் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் நின்றுவிடவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் டாடா கன்சல்டன்சி, 2025க்குள் தன் ஊழியர்களில் 25 விழுக்காட்டினர் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று அறிவித்தது. 2023இலேயே எல்லோரையும் அலுவலகத்துக்குத் திரும்பச் சொன்னது. இதை நான் இப்படிப் படிக்கிறேன்: பெருந்தொற்றுக் காலம் பழைய பழக்கத்தின் சேமிப்பில் ஓடியது. வாடிக்கையாளரின் வேலையை ஏற்கெனவே நேரில் கற்றிருந்தவர்கள், அந்த அறிவை வைத்துத் தொலைவிலிருந்து சமாளித்தார்கள். நடுக்கட்ட வேலைக்குத் தொலைவு தடையில்லை என்பது உண்மை. நிரல் எழுதுவதை எங்கிருந்தும் செய்யலாம். அமெரிக்கா புதிய எச்-1பி பணி விசா விண்ணப்பங்களுக்கு 2025 செப்டம்பரில் ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்த பிறகு, எந்தக் கட்டத்துக்கு ஆளை அனுப்புவது என்று எண்ணிப் பார்த்தே ஆக வேண்டும்.

நேரில் இருப்பதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் ஆபத்து. ஜெர்மனியின் லிடில் கடைச் சங்கிலி ஏழு ஆண்டுகள் முயன்று, ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவழித்த பிறகு 2018இல் தன் எஸ்.ஏ.பி. மென்பொருள் திட்டத்தைக் கைவிட்டது. அங்கே ஆலோசகர்களுக்குப் பஞ்சமில்லை. சரக்கிருப்பை வாங்கிய விலையில் மதிப்பிடுவது லிடிலின் வழக்கம். அந்த மென்பொருளின் இயல்போ விற்பனை விலையில் மதிப்பிடுவது. நிறுவனம் தன் வழக்கத்தை மாற்ற ஒப்பவில்லை; மென்பொருளை வளைக்க வளைக்கச் செலவும் சிக்கலும் பெருகின. முதல் மாதத்தில் உறுதியாகத் தீர்த்திருக்க வேண்டிய கேள்வி அது. கிரைஸ்லர் நிறுவனத்தின் ஊதியக் கணக்குத் திட்டத்தில் 1990களின் பிற்பகுதியில் நிரலாளர் கென்ட் பெக்கும் நண்பர்களும் வேறு வழியை முயன்றார்கள்: நிரலாளர் வாடிக்கையாளரிடம் போவதற்குப் பதில், வாடிக்கையாளரின் ஆளே நிரலாளர்களோடு வந்து உட்கார்ந்தார். கற்றுக்கொள்ளல் விரைந்தது, ஆனால் அத்தனை கேள்விக்கும் ஒரே ஆள் பதில் சொல்லும் சுமை தாங்கக் கூடியதாக இல்லை. 2000இல் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. யாரோடு உட்காருகிறோம், எத்தனை பேரோடு உட்காருகிறோம் என்பது உட்காருவதைப் போலவே முக்கியம் என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

ஆன்சைட் அனுப்புவதே தரகாகிப் போனதன் கதையைச் சீன மானிடவியலாளர் சியாங் பியாவ், ஹைதராபாத்திலும் சிட்னியிலும் களப்பணி செய்து எழுதிய 2007ஆம் ஆண்டு நூலில் காணலாம். வேலை இல்லாத நாட்களில் ஊதியமின்றிக் காத்திருந்த இளைஞர்கள், கைமாறிக் கைமாறிக் குறைந்துபோன ஊதியம், அதை ஈடுகட்டச் சொந்த ஊரில் பெருகிய வரதட்சணை என எல்லாம் அதில் உண்டு. அப்படிப் போன ஒருவர் வாடிக்கையாளரின் வேலையைக் கற்பது எங்கே? அவருக்கு அதற்கான நேரமும் இல்லை, அதிகாரமும் இல்லை, அடுத்த மாதம் அங்கே இருப்போமா என்ற உறுதியும் இல்லை.

சிற்றூருக்குத் தொழில்நுட்பம் வந்த வரலாற்றில் நம் பக்கத்திலேயே படிக்க வேண்டிய முயற்சிகள் இருக்கின்றன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரை நடுவாக வைத்து, சுற்றியுள்ள ஊர்களுக்குக் கம்பியில்லா இணைப்பு கொடுத்தார்கள். கணினியை இறக்கி வைப்பதற்கு முன்பே ஊராரோடு உட்கார்ந்து, யாருக்கு என்ன தகவல் தேவை, அது இப்போது யாரிடமிருந்து வருகிறது என்று கேட்டார்கள். எம்பலத்தில் மையம் கோயில் வளாகத்தில் இடம் பிடித்தது. உள்ளூர்ப் பெண்கள் அதை நடத்தினார்கள். வீராம்பட்டினத்து மீனவர்களுக்குத் தேவைப்பட்டது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து அதை எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். விடியலில் படகு தள்ளும் மீனவருக்குத் திரையைப் படிக்க நேரம் எங்கே? கரையில் நின்று பார்த்தவருக்குத்தான் கடைசிக் கண்ணி ஒலிபெருக்கியாக இருக்க வேண்டும் என்று தோன்றும்.

இதற்குச் சற்றுப் பின், 2001 வாக்கில், கடலூர் மாவட்டத்து நெல்லிக்குப்பத்தில் ஈ.ஐ.டி. பாரி சர்க்கரை ஆலை கரும்பு விவசாயிகளுக்காக இண்டியாக்ரிலைன் என்ற தளத்தையும், ஊர்களில் பாரீஸ் கார்னர் என்ற இணையக் கடைகளையும் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் கம்பியில்லா இணைப்பு அதற்கு உதவியது. கரும்புக் கணக்கையும் வேளாண் குறிப்புகளையும் ஆலைக்கு அலையாமல் ஊரிலேயே பார்க்க முடிந்தது. ஆலைக்கும் விவசாயிக்கும் இடையே ஏற்கெனவே வயல்வெளியில் கால்பதித்த கரும்பு அலுவலர்கள் இருந்தது அந்த முயற்சியின் பெரும் பலம். அதே தொழில்நுட்பத்தோடு மதுரை மாவட்டம் மேலூரில் நடந்த சாரி என்ற ஊரக இணையத் திட்டத்தின் மையங்கள் பலவும் சில ஆண்டுகளில் மூடப்பட்டன. அதை ஆராய்ந்து மைக்கேல் பெஸ்ட்டும் ராஜேந்திர குமாரும் 2008இல் எழுதிய கட்டுரை, வருமானம் போதாமையோடு, மையம் நடத்தியவர்களுக்குத் தொடர்ந்த தொழில்நுட்ப, நிர்வாக ஆதரவு கிடைக்காததையும் காரணமாகக் காட்டியது. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் திரும்பி வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். வளரும் நாடுகளின் அரசுக் கணினித் திட்டங்களில் 15 விழுக்காடுதான் முழு வெற்றி என்று ஆய்வாளர் ரிச்சர்ட் ஹீக்ஸ் 2003இல் மதிப்பிட்டார். வடிவமைத்தவரின் கற்பனைக்கும் களத்தின் நடப்புக்கும் இடையிலான இடைவெளி எவ்வளவு பெரிதோ அவ்வளவு தோல்வி என்பது அவர் வாதம்.

இனி விருத்தாசலத்துக்கு வருவோம். பெண்ணாடத்திலிருந்து ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம். பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசு நடத்தும் பட்டயப் படிப்பு நிலையமும் உள்ள ஊர். சிறு கூடங்களில் மின்சார ஃபியூஸ் கேரியர், கொலு பொம்மை, அகல் விளக்கு என்று பலவும் உருவாகின்றன. இப்படி ஒரு கூடத்துக்குச் சரக்குக் கணக்கு மென்பொருள் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் கிடைக்கும் எந்த மென்பொருளிலும் சேதாரம் என்று ஒரு கட்டம் இருக்கும். விழுக்காட்டைப் போட்டால் போதும். ஆனால் பீங்கானில் சேதாரம் இரண்டு வகை. அச்சிலிருந்து எடுத்து உலர வைத்த பச்சைப் பொருள் உடைந்தால், அது தண்ணீரில் கரைந்து மறுபடியும் களிமண் குழம்பாகிவிடும். நட்டம் கூலிக்கு மட்டும்தான், மண்ணுக்கு இல்லை. சூளையேறிச் சுட்டபின் உடைந்தால் அது திரும்பி மண்ணாகாது. மண்ணும் கிளேஸும் எரிபொருளும் கூலியும் சேர்ந்து போயிற்று. இரண்டையும் ஒரே விழுக்காட்டில் எழுதினால், மூலப்பொருள் இருப்பு எப்போதும் தப்பாகவே காட்டும். முதலாளி கணினியை நம்பாமல் பழைய நோட்டுக்கே திரும்பிவிடுவார். உலர்ந்து சுடும்போது பொருள் சுருங்குவதால் அச்சின் அளவு ஒன்று, விற்கும் அளவு ஒன்று. ஒரே மண், ஒரே சூளை. ஆனால் பொம்மை சரக்கு சேவை வரியின் 69ஆம் அத்தியாயத்திலும் ஃபியூஸ் கேரியர் 85ஆம் அத்தியாயத்திலும் போய் நிற்கும். கூடத்தில் ஒரு வாரம் நின்றவருக்கு இதெல்லாம் தானே தெரியவரும். தொலைபேசியில் கேட்டால், உங்களுக்குச் சேதாரம் எத்தனை விழுக்காடு என்ற கேள்விக்கு ஒரு எண் பதிலாக வரும், அவ்வளவுதான்.

2017 ஜூலை 1இல் சரக்கு சேவை வரி வந்தபோது இந்தக் கூடங்களுக்கு உதவியவர்கள் பெரிய ஆலோசனை நிறுவனங்கள் அல்லர். மாதத்துக்கு ஒருமுறை ஸ்கூட்டரில் வந்து டேலியில் கணக்கு ஏற்றிப் போகும் கணக்காளர்களும், ஆடிட்டர் அலுவலகத்துத் தம்பிகளும், ஊர் கணினிக் கடைக்காரர்களும்தான். சிற்றூர்த் தொழிலின் உண்மையான ஆன்சைட் ஆலோசகர்கள் அவர்களே. எந்தக் கூடத்துக்காரர் எந்த மாதம் பணமுடையில் இருப்பார் என்பது வரை அவர்களுக்குத் தெரியும். அவர்கள் அறிந்ததைக் கேட்டு வாங்கி மென்பொருளில் சேர்க்கத்தான் யாரும் இல்லை. இந்தப் பகுதியில் படித்த பிள்ளைகள் சென்னைப் பக்கத்துச் சோழிங்கநல்லூருக்கும் சிறுசேரிக்கும் போய், அங்கிருந்து அமெரிக்காவின் காப்பீட்டு அலுவலகங்களில் இழப்பீட்டு விண்ணப்பம் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்கு நகர்கிறது என்பதை மாதக்கணக்கில் உட்கார்ந்து கற்கிறார்கள். அந்தக் கவனத்தில் நூற்றில் ஒரு பங்கு தங்கள் ஊர்ச் சூளைக்கும் எடைமேடைக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது அதிகமில்லை.

பணம் யார் தருவது என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஒரு கூடத்தால் ஒரு பொறியாளரை வைத்துக்கொள்ள இயலாது. பத்துப் பதினைந்து கூடங்கள் சேர்ந்தால் இயலும். அவற்றின் சிக்கல்கள் பெருமளவு பொதுவானவை. மாவட்டத் தொழில் மையம் தொழில் குழுமங்களுக்கு எந்திரம் வாங்க உதவும்போது, மென்பொருளுக்கான தொகையில் களத்தில் தங்கும் நாட்களுக்கென ஒரு பங்கைத் தனியே ஒதுக்கச் சொல்லலாம். 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தருகிறது. விருத்தாசலம் பட்டய நிலையத்தில் பீங்கான் படிக்கும் ஒருவரையும் பொறியியல் கல்லூரியில் கணினி படிக்கும் ஒருவரையும் இணையாக ஒரே கூடத்துக்கு அனுப்பினால், ஒருவர் கேட்கத் தெரியாததை மற்றவர் கேட்பார்.

எப்போது அனுப்புவது என்பதிலும் கவனம் வேண்டும். நிதியுதவி விண்ணப்பம் நிரப்பும் நிதியாண்டுக் கடைசியில் கூடம் அமைதியாக இருக்கும். கற்க ஒன்றும் இருக்காது. பீங்கான் ஊருக்குப் போக வேண்டிய காலம் நவராத்திரிக்கு முந்திய மாதங்களிலிருந்து கார்த்திகை தீபம் வரை. அப்போதுதான் சூளை ஓய்வின்றி எரியும், சேதாரம் கூடும், வெளியூர் வியாபாரி முன்பணத்தோடு வந்து நிற்பார். கரும்பு ஆலைக்கு அரவை தொடங்கும் முதல் மாதம். அதிலும் இரவுப் பணிமுறை. நிரலின் முதல் வரி எழுதுவதற்கு முன் அந்தக் காலத்தில் ஒருமுறை, மென்பொருள் ஓடத் தொடங்கிய பிறகு அடுத்த பருவத்தில் அதே காலத்தில் மறுமுறை. ஒப்பந்தத்தில் இந்த இரண்டு தங்கலுக்கும் தனித் தொகை எழுதி, இரண்டாவது தங்கல் முடிந்து எடைமேடைக் கணக்கரோ சூளை மேஸ்திரியோ கையெழுத்திட்ட பிறகே கடைசித் தவணையை விடுவிக்கலாம்.